யாரிடம் கேட்பது

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓட்டியவர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயமுத்தூரைச் சுற்றி வரிசையாக எழும்பிய மில்களில் அதுவும் ஒன்று. வராத ஆளுக்குப் பதிலாக வேலைக்குப் போகும் பதிலியாக மில் கேட்டில் காத்துக் கிடந்து, அப்புறம் பர்மனன்ட் ஆனார். ஆன பிறகுதான் பெண் கொடுத்தார்கள். தீபாவளி போனஸ், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. பஞ்சுத் தூசி கொடுத்த இருமலும் கடைசிவரை உண்டு. அந்தக் காலம் பொற்காலம் என்பவர்கள் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வருஷம் தவறாமல் ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் போவார். 1946-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளிகளின் நினைவு நாள். அவர் வேலைக்குச் சேருவதற்கு வெகு முன்னால் நடந்தது. ஆனாலும் பங்காளி வீட்டுக் காரியம் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பிவிடுவார்.

அப்பா தலையெடுக்கும்போது மில்கள் நொடித்துக்கொண்டிருந்தன. கடன் வாங்கி கணபதியில் ஒரு லேத் போட்டார். பம்ப்செட் ஷாஃப்ட் கடைசல், ஜாப் ஆர்டர். வாசலில் 'இண்டஸ்ட்ரீஸ்' என்று போர்டு. உள்ளே அவரும் ஒரு ஹெல்ப்பரும். பீஸுக்கு ஐம்பது காசு கூட்டிக் கேட்டால், ஆர்டர் கொடுப்பவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்.

"கூலி கூட்டிக் கேக்க உங்களுக்கு ஒரு சங்கம் கெடையாதா சாமி?" என்று அப்பாரு ஒருநாள் கேட்டார்.

"நானே ஓனருங்கப்பா. நான் போயி யாருகிட்ட கேக்கறது?"

2022-ல் மின் கட்டணம் ஏறியது. லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக் கட்டணமும் கூடியது. அடுத்த வருஷம் சிறுதொழில்காரர்கள் கதவடைப்புச் செய்தபோது அப்பாவும் பட்டறையைப் பூட்டினார். அன்றைய வருமானம் போனது அவருக்குத்தான். ஹெல்ப்பருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டார்.

நான் டிப்ளமோ முடித்து, சுற்றிச் சுற்றி நூல் மில்லுக்கே வந்து சேர்ந்தேன். ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஃபிரேம் ஓட்டுவது ஒடிசா, பீகார் பிள்ளைகள். இழை அறுந்தால் பாபினை ஒரு கையால் நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்னக் கொக்கியில் மாட்டி, ரோலரிலிருந்து வரும் பஞ்சோடு சேர்த்துவிடுவார்கள். கண்ணுக்கே பிடிபடாத வேகம். அப்பாரு வீட்டில் வெறுங்கையால் செய்து காட்டிய அதே அசைவு.

என் சம்பளச் சீட்டில் மில் பெயர் இருக்காது, ஏஜென்சி பெயர்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஓவர்டைம் குறைகிறதே என்று ஒரு பையன் கேட்டான். ஏஜென்சியைக் கேளு என்றேன். அவர்கள் மில்லைக் கேளு என்றார்கள். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வந்த நேரம் போன நேரம் எழுதத் தொடங்கினான். மாசக் கடைசியில் கணக்கு இடித்தது. பார்த்துவிட்டு நானும் எனக்கென்று ஒன்று வாங்கினேன்.

இந்த மாசம் ஹாஸ்டலில் ஆறேழு பேர் எழுதுகிறார்களாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதை யாருப்பா சொல்லிக்குடுத்தது?" என்று விசாரித்தார்.