நெல் களத்தில் பிடிப்பு அளந்தது

மூன்று வாரமாக இழுத்தடித்த 60 அடி நேரம் (டிராக் ரேஸில் நின்ற இடத்திலிருந்து முதல் 60 அடியைக் கடக்கும் நேரம்) ஞாயிறு காலை 2.42 விநாடிக்கு இறங்கிவிட்டது. வண்டி அதே யமஹா ஆர்எக்ஸ் 135 பைக்தான், போர்ட்டிங்கில் (இன்ஜின் சிலிண்டர் துளைகளைச் செதுக்கும் வேலை) கை வைக்கவில்லை. முதலில் தரையை அளந்துவிட்டு அப்புறம் வண்டியைத் தொட்டேன், அவ்வளவுதான்.

சேரன்மகாதேவி பக்கம் தெரிந்த அண்ணாச்சியின் ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் சிமென்ட் களம் இப்போது காலியாகக் கிடக்கிறது. நிற்பதற்கும் இடம் விட்டு 18 மீட்டர் தாராளமாக ஓட்டலாம். ஆனால் தரை முழுக்கத் தவிட்டுத் தூசி. பெருக்கி முடித்து வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குள் ஆடிக்காற்று மறுபடி கொண்டுவந்து போட்டுவிடும். பின்சக்கரம் சும்மா சுற்றியது, 3.1 விநாடி. கிளட்சை 4,500 ஆர்பிஎம்மில் விட்டேன், டயர் காற்றை 14க்கு இறக்கினேன். எப்படியோ 2.9 வந்தது.

ஒருநாள் களத்தைக் கழுவிக் காயவிட்டு அதே செட்டிங்கில் ஓட்டினேன். இன்னும் குறையும் என்று நினைத்தால் 2.96! டயர் இப்போது சுற்றவே இல்லை. பிடிப்பு கூடியதும் இன்ஜின் நன்றாக இழுக்கும் வேக எல்லைக்கு (பவர்பேண்ட்) கீழே அமுங்கி, ஏறி வருவதற்குள் பாதித் தூரம் போய்விட்டது. வழுக்கும் தரைக்காக நான் செய்த வேலையெல்லாம் நல்ல தரையில் எதிராகத் திரும்பியது. அன்றைக்குத்தான் தரையில் டயர் எவ்வளவு பிடிக்கும் என்று அளக்க ஒரு பிடிப்புமானி செய்யும் எண்ணம் வந்தது.

மேலப்பாளையம் பழைய இரும்புக் கடையில் ஆயில் இன்ஜின் ஃபிளைவீல் (கனமான இரும்புச் சக்கரத் தட்டு) ஒன்று கிடைத்தது, சரியாக 20 கிலோ. அடியில் மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி மூன்று டயர்த் துண்டுகள். நடுவில் ஒரு தண்டு, அதன் மேலே திருப்பு விசையை முள்ளில் காட்டும் டார்க் ரெஞ்ச். கிளிக் வகை இதற்கு உதவாது, வழுக்கும் நொடியின் உச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். உராய்வுக் கெழு (பாரத்தோடு ஒப்பிட்டால் பிடிப்பு எவ்வளவு என்ற விகிதம்) 1 என்றால் 15.7 நியூட்டன் மீட்டர் காட்டும்.

படுத்தியது திருப்பும் வேலைதான். ரெஞ்ச் கைப்பிடியை ஒரு பக்கமாக இழுத்தால் தட்டு சுழல்வதோடு நகரவும் செய்கிறது, ஒரு துண்டின் மேல் பாரம் கூடுகிறது. ரப்பரில் அழுத்தம் கூடினால் கெழு குறையும், அதனால் ஒரே இடத்தில் 9, 12, 10 என்று தாவியது. இரண்டு ஞாயிறு இதிலேயே போனது. கடைசியில் மரச்சட்டம் ஒன்று அடித்து, நடுவில் பேரிங் வைத்து அதற்குள் தண்டை விட்டேன். சட்டத்தை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் பத்து முறையும் அரை எண்ணுக்குள் நிற்கிறது. லேத் பட்டறையில் தண்டை ஒருமுறை கோணலாகக் கடைந்து கொடுத்துவிட்டார்கள், அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

தூசியில் 8, கழுவிய தரையில் 12.5. இந்த எண் கையில் இருந்ததால் தைரியமாக 7,000 ஆர்பிஎம்மில் கிளட்சைத் தேய்த்து விட்டேன். பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டி, டயர் காற்றை 20க்கு ஏற்றினேன். 2.42.

அமெரிக்க டிராக் ஸ்டிரிப்புகளில் தரையில் பிசின் கலவை தெளித்து, டயர் ரப்பரையும் இழுத்துப் படிய வைக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் பர்ன்அவுட் போட்டு (நின்ற இடத்தில் பின்டயரைச் சுற்றவிட்டு) ரப்பர் படிய வைக்கக் கேட்டேன். "தம்பி, களத்துல டயரு கறை பட்டா நெல்லுல ஒட்டிக்கிடும்லா" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஒருநாள் மானியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், தார்த் தளத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்கணும்.

வெயில் கணக்கு இன்னும் பாக்கி. காலை ஆறரைக்கு 30 டிகிரி இருக்கும் தரை மதியம் 56க்குப் போகிறது, ரெஞ்ச் முள் ஒன்றரை இறங்குகிறது. காற்றும் லேசாகிவிடுவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்க வேண்டியிருக்கும். கார் பருவ நெல் அறுப்பு தொடங்கினால் களம் நெல்லுக்குப் போய்விடும், அதற்குள் நாலு மதியமாவது அளந்தாக வேண்டும்.