லைப்ரரியோடு டீபக் சிம்பலும்: செங்கோட்டையில் செய்து பார்த்தது

திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய சி மொழி லைப்ரரி (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) ஒன்றை, செங்கோட்டையில் இருந்தபடி ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். மூலநிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆயினும் லினக்ஸுக்குக் கம்பைல் செய்த ஆயத்தக் கோப்பை வெளியிடும்போது, அளவு குறையட்டும் என்று ஸ்ட்ரிப் என்ற கருவியால் சிம்பல்களை, அதாவது பிழை தேட உதவும் ஃபங்ஷன் பெயர்களையும் வரி எண்களையும், உரித்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சாரல் தொடங்கிய வாரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. தம் பழைய கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்றை மாற்றும்போது மட்டும் நிரல் விழுந்துவிடுகிறது என்றார். பிழைதேடும் கருவியான ஜிடிபி காட்டியதாக அவர் அனுப்பிய, ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்த சங்கிலியின் ஏழு வரிகளில், மேலே இருந்த மூன்றிலும் பெயருக்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறிகளே இருந்தன. ஸ்ட்ரிப் செய்த பிறகும், எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று பின்னோக்கிச் செல்வதற்குத் தேவையான ஈஎச்-ஃபிரேம் பகுதி கோப்பில் தங்கிவிடுகிறது. வெளியார் அழைக்கும் ஃபங்ஷன்களின் பெயர்களும் டைனமிக் அட்டவணையில் தங்கிவிடுகின்றன. ஆகவே சங்கிலி சரியாகவே இருந்தது. உள்ளுக்குள் மட்டும் பயன்படும் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களின் பெயர்களும் வரி எண்களும்தான் போயிருந்தன. கோளாறு இருந்ததோ அங்கேதான்.

கோர் கோப்பைக் கேட்டுப் பார்த்தேன். “அண்ணாச்சி, அதுல கடைக் கணக்கு பூரா கெடக்கும், அனுப்ப மனசு ஒப்பல” என்றார். நியாயம்தான், நிரல் விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்தது பெரும்பாலும் அதில் இருக்கும். அவருடைய தரவு என்னிடம் வர முடியாது என்றால், என் சிம்பல்கள் அவரிடம் போயாக வேண்டும்.

முதலில் செய்தது தவறு. அதே மூலநிரலை டீபக் தகவலைச் சேர்க்கும் மைனஸ்-ஜி விருப்பத்தோடு மறுபடி கம்பைல் செய்து, கிடைத்த கோப்பிலிருந்து அவர் அனுப்பிய முகவரிகளைத் தேடினேன். இடையில் என் கணினியில் கம்பைலர் புதுப்பிக்கப்பட்டிருந்ததால் முகவரிகள் நகர்ந்துபோய், பதிப்பு எண்ணைத் திருப்பித் தரும் அப்பாவி ஃபங்ஷன் ஒன்று குற்றவாளியாக நின்றது. அதை நம்பி ஓர் இரவு முழுவதையும் வீணாக்கினேன். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் உரிய அடையாள எண்ணான பில்டு-ஐடியை இரண்டு கோப்புகளிலும் முன்பே ஒப்பிட்டிருந்தால் அவை வேறுவேறு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சரியான முறையில், ஒரே ஒரு முறைதான் கம்பைல் செய்ய வேண்டும். வேகத்துக்கான மைனஸ்-ஓ2, மைனஸ்-ஜி இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஆப்ஜ்காப்பி கருவியின் ஒன்லி-கீப்-டீபக் விருப்பம் வழியாகச் சிம்பல்களைத் தனிக் கோப்பாக எடுத்த பிறகே கட்டிய லைப்ரரிக் கோப்பை உரிக்க வேண்டும். கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் லிங்கர் இட்ட பில்டு-ஐடி இரண்டிலும் மாறாமல் இருக்கும். மைனஸ்-ஜி சேர்த்தால் நிரல் மெதுவாகிவிடுமோ என்ற பழைய சந்தேகம் எனக்கும் இருந்ததால், அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் கட்டி, இயங்கும் கட்டளைகள் உள்ள டெக்ஸ்ட் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரு பைட்டும் மாறவில்லை. உரித்த லைப்ரரி 410 கேபி, சிம்பல் கோப்பு 2.6 எம்பி. சிம்பல் வேண்டாதவர் அதை இறக்க வேண்டியதே இல்லை என்னும்போது அளவைக் காட்டி மறுக்க இடமில்லை. மூலநிரலையே ஊருக்குத் திறந்து வைத்துவிட்டு, அதில் உள்ள பெயர்களை மட்டும் மறைப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பில்டு-ஐடி என்பது 40 பதினாறடிமான இலக்கங்கள். முதல் இரண்டும் கோப்புறையின் பெயராகவும், மீதி 38-உம் ‘.debug’ என்ற முடிவும் கோப்பின் பெயராகவும், யுஎஸ்ஆர்-லிப்-டீபக் கோப்புறைக்குள் உள்ள புள்ளி-பில்டு-ஐடியின் கீழ் வைத்தால் ஜிடிபி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். புதிய வெளியீட்டையும் அதன் சிம்பல் கோப்பையும் அனுப்பி, அதே கோப்பை மறுபடி மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஃபங்ஷனின் பெயரோடும் 212 என்ற வரி எண்ணோடும் பதில் வந்தது.

அந்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில் வரும். எனவே கொம்பைக் கண்டதும் என் நிரல் அடுத்த பைட்டை எட்டிப் பார்க்கிறது. அவருடைய பழைய மென்பொருளோ வெளியீட்டை 8192 பைட் கோப்புத் துண்டுகளாக, எழுத்தின் நடுவிலும் இரக்கமின்றி வெட்டியிருக்கிறது. நிரல் விழுந்த அந்தத் துண்டு கொம்போடு முடிந்திருந்தது. கோப்பை நினைவகத்தோடு நேரடியாகப் பொருத்தும் எம்மேப் வழியாக நான் படிப்பதாலும், 8192 என்பது சரியாக இரண்டு 4096 பைட் பக்கங்கள் என்பதாலும், அடுத்த பைட் இருக்க வேண்டிய இடத்தில் நினைவகமே இல்லை. வேறு அளவுள்ள கோப்பாக இருந்தால் பக்கத்தின் மிச்சத்தில் உள்ள சுழியத்தைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருக்கும். என் சோதனைக் கோப்புகளில் அது ஒருமுறையும் விழாததன் காரணம் இதுதான்.

பிறகு இரண்டு வேலைகள் செய்தேன். சிம்பல் கோப்பில் என் கணினியின் கோப்புறைப் பாதை அப்படியே பதிந்து, ‘கடைசி-நிஜமாகவே-கடைசி’ என்று நான் பெயரிட்டிருந்த கோப்புறையைப் புனலூர்வரை கொண்டுபோய்விட்டது. ஜிசிசி கம்பைலரில் 8-ஆம் பதிப்பு முதல் இருக்கும் ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப் என்ற விருப்பத்தால் இப்போது அதைச் சுருக்கிவிட்டேன். 2019-இல் எல்ஃப்யூட்டில்ஸ் கருவித்தொகுப்போடு வந்த, சிம்பல்களை இணையம் வழியே தரும் டீபக்இன்ஃபோடி முறைக்கும் இடம் செய்தேன். அதற்கான சர்வர் நிரலை நான் ஓட்டவில்லை. கேட்கப்படும் முகவரியின் அமைப்பு எளியது என்பதால், பில்டு-ஐடி வாரியாகக் கோப்புறைகளை அமைத்துச் சாதாரண இணைய இடத்தில் சிம்பல் கோப்புகளை வைத்தேன். நண்பர் ஒரே ஒரு சூழல் மாறியில் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறார். அவருடைய ஜிடிபி வேண்டியதைத் தானே இறக்கிக்கொள்கிறது.

விண்டோஸுக்கான சிம்பல் கோப்புகளான பிடிபி கோப்புகளை இன்னும் தொடவில்லை. பழைய மூன்று வெளியீடுகளுக்குச் சிம்பல் கோப்பு கிடையாது என்றும், அவற்றுக்கு இனி உருவாக்கவும் இயலாது என்றும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.