திறப்புக் கோர்வை

பாடசாலையின் ஒன்பது திறப்புகளும் என் கைப்பையில்தான் கிடந்தன. அலுவலகம், ஆய்வுகூடம், கணினி அறை, நூலகம், களஞ்சியம் என்று எல்லாம் ஒரே வளையத்தில். ஒரு பெட்டி வெண்கட்டி எடுப்பதற்கும் பிரதி அதிபர் என்னிடம்தான் வரவேண்டும். அதைப் பொறுப்புணர்ச்சி என்று முழுமனதாக நம்பியிருந்தேன்.

வன்னியில் அதிபராக இருப்பவருக்குக் களைப்பு என்ற சொல் இலேசில் வாயில் வராது. போர் முடிந்து மீளக்குடியேறிய 2010இல் மரநிழலிலும் தறப்பாள் கொட்டகையிலும் வகுப்புகளைத் தொடங்கியவர்கள் நாங்கள். காணாமல் போன மகனைத் தேடி அலையும் தாயும், பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அம்மம்மாவும் வந்து நிற்கிற அலுவலகம் என்னுடையது. அவர்களுக்கு முன்னால் "என்னால் முடியவில்லை" என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்த வெட்கத்திலேயே ஆண்டுகள் ஓடின. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "தரவுகளை உடன் அனுப்பவும்" என்று செய்தி வந்தால் எழுந்திருந்து அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமையும் கைபேசி தலையணைக்குப் பக்கத்தில்தான்.

ஒரு புதன்கிழமை, இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வராத பையனைக் கூட்டிக்கொண்டு அவனுடைய அம்மம்மா வந்தார். நான் படிவங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை வாருங்கள்" என்றேன். "சரி பிள்ளை" என்றுவிட்டு அவர் போய்விட்டார். மாலையில் அறையைப் பூட்டும்போதுதான் கதவோரம் ஒரு முருங்கை இலைக் கட்டைக் கண்டேன். வாழைநாரால் கட்டியிருந்தது. எனக்காகப் பிடுங்கி வந்திருக்கிறார். வெயிலில் வாடி, கையில் எடுத்ததும் இலைகள் உதிர்ந்தன. அந்த அம்மாவின் முகம் எப்படியிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை.

2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் பணிச்சோர்வை ஒரு நோயாக அல்ல, தொழிலோடு சேர்ந்து வரும் நிலையாக வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்வதில் பயனில்லை என்று தோன்றுதல். முதலாவதை நான் தியாகம் என்று எண்ணிச் சுமந்தேன். இரண்டாவது அந்த அம்மாவின் மேல் விழுந்தது. தலைமையில் இருப்பவரின் சோர்வை அவரைவிட அதிகமாகச் சுமப்பவர் கதிரைக்கு எதிரே நிற்பவர்தான். இதை என் தோழமை அதிபர்கள் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன்.

என் அப்பா இரணைமடுக் குளத்தை நம்பி வயல் செய்தவர். அந்தக் குளம் நிறைந்தால் 36 அடி. ஆனாலும் சிறுபோகம் என்கிற கோடை நெற்செய்கைக்கு முன் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். குறைவாக விதைத்த ஆண்டில் அப்பா வெட்கப்பட்டதை நான் கண்டதில்லை. தண்ணீரை அளக்காமல் விதைத்தவரைத்தான் ஊர் பேசும்.

மறுநாளே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பையன் மாடு பார்க்கப் போயிருந்தான். வாசலில் இருந்து ஒரு மணிநேரம் பேசினோம். கடிதம் எதுவும் தேவைப்படவில்லை; திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருந்தான்.

அந்தக் கிழமையே கோர்வையை அவிழ்த்தேன். களஞ்சியம் பிரதி அதிபருக்கு, ஆய்வுகூடம் விஞ்ஞான ஆசிரியைக்கு, நூலகம் இளைய ஆசிரியர் ஒருவருக்கு. கைமாற்றும்போது விரல் தயங்கியது உண்மை. அவர்களுக்கும் சுமை கூடக்கூடாது என்பதற்காக, இரவு எட்டு மணிக்குப் பிறகு நானும் ஆசிரியர்களுக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியை அலுமாரியில் வைத்துவிட்டு மகளோடு குளக்கட்டில் நடக்கிறேன். முதல் மாதம் கை அடிக்கடி வெறும் பையைத் தடவியது.

சென்ற ஞாயிறு ஆய்வுகூடத் திறப்பைக் காணவில்லை என்று ஆசிரியர் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள். திங்கள் காலையில்தான் பார்த்தேன். அதன் கீழே, முற்பகலிலேயே, "கிடைத்துவிட்டது" என்றிருந்தது.