வௌவால் பார்க்கப் போன குகையில் ஒரு குருவி

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்தவர் மாமாதான். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கவே இம்முறை இலங்கை மலையகத்தின் பண்டாரவளைக்குப் போகும் வழியில் பேராதனைப் பூங்காவில் இறங்கினேன். உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பட்டப்பகலில் தொங்கிக்கொண்டு, இடத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. சிறகை விரித்தால் நாலடி இருக்கும். ஒன்று தலைகீழாகவே என்னை முறைத்தது. நல்ல பெரிய கண்கள். ஒலியெழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழி அறியும் எதிரொலி வித்தையே இந்த இனத்துக்குக் கிடையாது. இருட்டியதும் பழம் தேடிப் போவது கண்ணையும் மூக்கையும் நம்பித்தான். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "அது வேறு சாதி. நம் தோட்டத்துக் குகைக்கு வந்து பார்" என்று பதில் வந்தது.

ரயிலில் நானுஓயா வரை நின்றேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

குகை, கொழுந்து எடுக்கும் கடைசி நிரைக்கும் மேலே, காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு பின்னேரம் ஏறினோம். உள்ளே எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. டோர்ச் வெளிச்சத்தைக் கூரையில் ஒரு கணம் மட்டும் காட்டினேன். சிறகையே கம்பளிபோலப் போர்த்திக்கொண்டு சின்னச் சின்ன உருவங்கள். மூக்கைச் சுற்றி லாடம் போன்ற தோல் மடிப்பு: குதிரைலாட வௌவால்கள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டத் தொடங்கினேன். இவற்றுக்கும் கண் உண்டு, ஆனால் இருட்டில் வேலை செய்வது காது. 1790களில் இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லான்சானி, பார்வை பறிக்கப்பட்ட வௌவாலும் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். ஜெனீவாவின் மருத்துவர் ஜூரின் காதை அடைத்துப் பார்த்தார். அவை முட்டி மோதின. காரணம் மட்டும் பிடிபடவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி முன் 1938இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிரிஃபின் வௌவால் கூண்டை வைத்தபோதுதான் அவை ஓயாமல் கத்துவது தெரிந்தது. நமக்குக் கேட்பது நொடிக்கு 20,000 அதிர்வு வரை. குதிரைலாட வௌவால் மூக்கால் எழுப்பும் ஒலி 70,000க்கும் மேல். இதில் எனக்குப் பிடித்தது அதன் சுருதி ஞானம். முன்னோக்கிப் பறக்கும்போது எதிரொலியின் சுருதி சற்று ஏறித் திரும்பும். தன் காது மிகக் கூர்மையாக இருக்கும் சுருதியிலேயே அது வந்து சேர வேண்டும் என்று, வௌவால் அந்த அளவுக்குத் தன் குரலை இறக்கிக்கொள்கிறது. எங்கள் கோயில் திருவிழா நாதஸ்வரத்தில்கூட இப்படிச் சுருதி சேர்ந்து நான் கேட்டதில்லை.

"ஆகவே மாமா, நம் காதுக்கு எதுவும் கேட்காது" என்று முடித்தேன்.

டிக், டிக், டிக்டிக்.

"அப்படியானால் இது என்ன?" என்றார் மாமா.

சீப்பின் பல்லை நகத்தால் நெருடுவது போன்ற சத்தம், சுவரை நெருங்க நெருங்க வேகமெடுத்தது. எனக்கு வாயடைத்துவிட்டது. வாசல் பக்கம் திரும்பியபோது, பாறையில் பாசியும் இறகும் எச்சிலால் ஒட்டிய அரைக் கிண்ணம் அளவு கூடுகள் தெரிந்தன. ஒரு பறவை வந்து அதில் தொற்றியது. குகையில் கூடு கட்டும் உழவாரக் குருவி! பகலெல்லாம் வெளியே கண்ணால் பார்த்துப் பூச்சி பிடிக்கும். இருண்ட குகைக்குள் நுழைந்ததும் டிக்டிக்கென்று ஒலியெழுப்பி வழி கண்டுபிடிக்கும். இந்த ஒலி நம் காதுக்கு எட்டும் தாழ்ந்த சுருதி. சுவரையும் கூட்டையும் அறிய அது போதும். பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடிக்க வௌவாலுக்குள்ள நுட்பம் அதில் இல்லை.

நான் கையைத் தட்டிப் பார்த்தேன். 17 மீட்டர் தூரத்துச் சுவரில் பட்ட ஒலி திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்துப்பூச்சி இருந்தால் நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் வௌவால் கணக்குப் போட்டாக வேண்டும். என் கைதட்டலுக்குக் கிடைத்தது கூரையிலிருந்து சில கீச்சுகளும் தோளில் ஒரு துளி எச்சமும்தான்.

ஆறேகால் மணிக்கு வாசலில் உட்கார்ந்தோம். குருவிகள் டிக்டிக்கென்று உள்ளே போக, வௌவால்கள் சத்தமே இல்லாமல் வெளியே வந்தன. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்திய பெயர் பதிவுக்கு, போகும் கூட்டமும் இரவுக் காவல் முடிந்து திரும்புபவர்களும் ஒரே ஒற்றையடிப் பாதையில் கடப்பது போல இருந்தது.

"பார், கண் தெரியாமலேயே ஒன்றோடொன்று இடிக்காமல் போகிறது" என்றார் மாமா.

நான் மறுத்துப் பேசவில்லை. சவர்க்காரத்தையும் மீறி ஒரு அட்டை கணுக்காலில் ஏறியிருந்தது.