தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்

தூக்கம் வராமல் கிடப்பதைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம், அதற்கு ஒரு படம் தேட இரண்டரை மணி நேரம். கடைசியில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டேன். இலவசப் படத்தளம், நல்ல வெளிச்சம், லேசான நீலச் சாயல், குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டே வாரத்தில் அதே பெண்ணை ஒற்றைத் தலைவலி பற்றிய கட்டுரையில் பார்த்தேன். அப்புறம் கடன் தொல்லை பற்றிய ஒன்றில், அதற்கப்புறம் விவாகரத்தில். பாவம், ஒரு மனுஷிக்கு இத்தனை கஷ்டமா.

அதற்குப் பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். முடி மட்டும் அளவாகக் கலைந்திருக்கிறது, நகப்பூச்சு அப்படியே பளபளக்கிறது, மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மூன்று நாள் தூங்காதவர் படுக்கை அப்படியா இருக்கும்? நான் எழுதியிருந்ததோ, நடுராத்திரி விழித்தால் மணி பார்க்கக்கூடாது என்று மேஜைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுப்பதைப் பற்றி. அந்தக் கடிகாரம் எனக்கு ஓரடி தூரத்தில்தான் இருந்தது. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கும். போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அது ஏன் தோன்றவில்லை என்றால், படம் என்றாலே அது வெளியிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் அழகாக இருந்தாக வேண்டும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று முன்கூட்டியே எடுத்து வைக்கும் இந்த ஸ்டாக் போட்டோக்களைக் குறை சொல்லி என்ன பயன்? எந்தக் கட்டுரைக்கும் பொருந்த வேண்டும் என்றுதான் அவற்றை எடுக்கிறார்கள், அதனாலேயே எந்தக் கட்டுரைக்கும் அவை முழுதாகச் சொந்தமாவதில்லை. ஆன்ட்ராஷ் அராட்டோ என்று ஹங்கேரியில் ஒரு மின்பொறியாளர், இப்படிச் சில படங்களுக்கு மாடலாக நின்றவர். உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. அந்த முகம்தான் 'வலியை மறைக்கும் ஹெரால்ட்' என்று உலகம் முழுக்க மீமாகச் சுற்றுகிறது. அவர் விஷயத்தில் படத்துக்கே ஒரு கதை கிடைத்துவிட்டது. கைகுலுக்கும் படங்களுக்கும், லேப்டாப்பைச் சுற்றி நின்று நாலு பேர் காரணமில்லாமல் சிரிக்கும் படங்களுக்கும் அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

இதைவிட மோசமான தப்பும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் பனிமூட்டத்தில் ஒரு பாலம், ரொம்ப அழகான படம், தேடலில் வந்தது, எடுத்துப் போட்டுவிட்டு அடியில் 'நன்றி: கூகுள்' என்று எழுதினேன். நாகரிகமாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு. சில மாதம் கழித்து அதை எடுத்தவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். திட்டவில்லை, பணம் கேட்கவில்லை. அந்தப் பனிக்காக விடிவதற்கு முன்னால் போய்க் காத்துக்கிடந்தது தான்தான், கூகுள் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார். பதிவிலிருந்து படத்தை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். தேடுபொறி வழிகாட்டிப் பலகை மாதிரி. வீட்டுக்கு வழி சொன்னது என்பதற்காக வீடு பலகைக்குச் சொந்தமாகிவிடுமா.

அதற்கப்புறம்தான் உரிமம் என்ற விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, தன் படைப்பை மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொல்ல ஆயத்த உரிமங்கள் தரும் அமைப்பு. தன் முதல் உரிமங்களை 2002இல் வெளியிட்டது, இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பவை ஆறு. பார்க்க வேண்டியது இரண்டெழுத்துச் சுருக்கங்களைத்தான். 'பிஒய்' என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது, உங்கள் தளத்தில் விளம்பரம் ஓடினால் இது வம்பு, நான் அந்தப் பக்கமே போவதில்லை. 'என்டி' இருந்தால் மாற்றியதை வெளியிடக்கூடாது, மேலே எழுத்து போட்டு நிறம் மாற்றி விளையாட முடியாது. 'எஸ்ஏ' இருந்தால், மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். 'சிசி ஜீரோ' தனி, எடுத்தவர் தன் உரிமை மொத்தத்தையும் விட்டுக்கொடுத்தது. பெயர் போடுவதென்றால் படத்தின் தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம், நான்கும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

இலவசத் தளங்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்ஸ்பிளாஷ் முதலில் சிசி ஜீரோவில்தான் இருந்தது, 2017இல் அதை விட்டுத் தனக்கென்று ஓர் உரிமம் வைத்துக்கொண்டது. பிக்ஸாபேயும் 2019இல் அதையே செய்தது. பழைய ஞாபகத்தில் 'அங்கே எல்லாமே பொதுச்சொத்து' என்று இன்னமும் சொல்பவர்கள் நிறைய. இன்னொன்று, கேமராக்காரர் தன் படத்துக்கு அனுமதி தரலாம், அதில் இருப்பவரின் முகத்துக்கு அவர் எப்படித் தருவார்? நோய், கடன், குற்றம், குடும்பச் சண்டை பற்றிய கட்டுரையில் அடையாளம் தெரியும் முகத்தை இப்போது நான் போடுவதே இல்லை. சட்டம் இடம் கொடுத்தாலும் சரி. சிரித்தபடி போஸ் கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவர், தன் முகத்தைப் பால்வினை நோய்க் கட்டுரையின் தலையில் பார்ப்பதை நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

பழைய படம், ஓவியம், வரைபடம் என்று தேடினால் சுகமான இடங்கள் உண்டு. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களைச் சிசி ஜீரோவில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம். விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் கோப்புக்குக் கோப்பு உரிமம் வேறு, ஒவ்வொன்றையும் திறந்து படித்தாக வேண்டும். நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. நாசா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17இலிருந்து எடுத்த முழு பூமியின் படம், 'நீலக் கோலிக்குண்டு' என்று எல்லாரும் பார்த்தது, எடுத்தபோது அதில் தென்துருவம் மேலே இருந்தது. வடக்கு மேலே இருப்பதுதான் நமக்குப் பழக்கம் என்பதால் திருப்பி வெளியிட்டார்கள். விண்வெளியில் மேல் கீழ் ஏது என்பது உண்மைதான், ஆனாலும் திருப்புவதும் ஓரத்தை வெட்டுவதும் கருத்துச் சொல்வதுதான் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். கூட்டத்தின் படத்தில் காலி நாற்காலிகளை வெட்டிவிட்டால் அரங்கு நிறைந்துவிடுகிறதே.

சரி, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு வழி காட்டியவர் கண் தெரியாத ஒரு வாசகர். திரையில் இருப்பதை உரக்க வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துப் படிப்பவர். என் பதிவுகளில் படம் வரும்போதெல்லாம் 'ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் நான்கு ஏழு' என்று மென்பொருள் ஒப்பிக்கிறது, அது என்ன என்று கேட்டார். கோப்பின் பெயர்! படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் ஆல்ட் உரையை நான் எழுதியதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். 'தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்.' இதைக் கேட்டு அவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அப்படியென்றால் கண் தெரிந்தவருக்கு மட்டும் என்ன கிடைத்தது? 'சூரிய உதயத்தில் மலைமேல் கைவிரித்து நிற்கும் ஆண்.' இது எந்தப் பதிவில் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், கடவுச்சொல் பாதுகாப்பு. அன்றைக்கு மட்டும் பாதிக்கு மேல் படங்களைத் தூக்கினேன், பதிவுகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போதெல்லாம் படத்தைத் தேடுவதற்கு முன்பே ஆல்ட் உரையை எழுதிவிடுகிறேன். எழுத வரவில்லையென்றால் அந்தப் பதிவுக்குப் படம் கிடையாது, அவ்வளவுதான். வெறும் அலங்காரக் கோடு மாதிரியானவற்றுக்கு ஆல்ட்டைக் காலியாக விடலாம், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும். ஆல்ட்டே இல்லாமல் விட்டால்தான் கோப்பின் பெயரைத் தேடிப் பிடித்து வாசிக்கும்.

கணினிச் சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம் வரும், பல எம்பி தேறும். அதை அப்படியே ஏற்றுவது படிப்பவரின் டேட்டாவைக் கொள்ளையடிப்பது, 1600 பிக்சலுக்குச் சுருக்கினால் தாராளம். கோப்பு வடிவம் என்றால், போட்டோவுக்கு ஜேபெக் அல்லது வெப்பி, எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பிஎன்ஜி. பதிவின் இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்டப் படத்துக்கு 1200க்கு 630 பிக்சல் என்பது வழக்கமான அளவு, ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம், வீட்டில் எடுத்ததென்றால் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பிரௌசரின் பக்கத்து டேபில் என்ன திறந்திருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் என்ன என்பார்கள். கேட்டேன். தூக்கமில்லாத ராத்திரி, கடிகாரத்தில் மூன்று மணி. வந்த படத்தில் மணி பத்தே பத்து. மறுபடி கேட்டேன், மறுபடியும் பத்தே பத்து. விளம்பரங்களில் கடிகார முட்களைப் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள், பார்க்கச் சமச்சீராக இருக்கும், நடுவில் பெயரும் தெரியும். அந்தப் படங்களையே விழுங்கி வளர்ந்ததற்கு வேறு மணி தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் தலையைப் பிடித்த பெண்ணின் கதையும் இதேதான்.

போன வாரம் அந்தப் பழைய பதிவுக்குப் போய் அவளுக்கு விடுதலை கொடுத்தேன். என் கடிகாரத்தை மேஜை விளக்கின் வெளிச்சத்தில் பின்பக்கமாக வைத்து எடுத்தேன். முதல் மூன்றில் என் கை நிழல் விழுந்தது, நாலாவது கொஞ்சம் ஆடியிருந்தாலும் அதையே போட்டேன். ஆல்ட் உரை: 'சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த மேஜைக் கடிகாரத்தின் முதுகு, பேட்டரி மூடி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு டேப்.' இத்தனை நாளில் அந்தப் பதிவின் படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இந்த வாரம் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். இரண்டு பேருமே கேட்டது, மூடி கிடைத்ததா என்று.

இன்னும் இல்லை.