ஏணையும் தூளியும்

பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. மொழியும் தமிழ், கடலும் அதே கடல். அந்தத் துணிவில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு மருமகளாக வந்தேன். வந்திருப்பது வேறொரு நாட்டுக்கு என்பது மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

அவள் ஒரு மார்ச் மாதம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தாள். "டாக்டர் வந்து உங்களிடம் பேசுவார்" என்று நர்ஸ் சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. என்ன தவறு செய்துவிட்டேனோ என்று காத்திருந்தேன். வந்தவரோ கட்டில் ஓரத்தில் நின்று, பிள்ளையின் முகவாய் மார்பில் பதியும்படி எப்படி அணைத்துப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை சுறாப் புட்டு செய்து வைத்திருந்தார். மாமி என்று அழைக்கத்தான் என் வாய்க்கு வரும், இங்கே அத்தை. காசிமேட்டில் விடிகாலையில் வாங்கிய பால்சுறாவை அவித்து, தோல் நீக்கி, உதிர்த்து, நிறையப் பூண்டு போட்டு வதக்கியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்றார். ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். அம்மா செய்யும் சுறா வறையின் ருசி அப்படியே இருந்தது.

ஊசி விஷயத்தில்தான் பெரிய குழப்பம். இலங்கையில் ஐந்து நோய்களுக்கான தடுப்பூசியை 2, 4, 6 மாதங்களில் போடுவார்கள். இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில். "ஒன்றரை மாதப் பிஞ்சுக்கு இப்போதே ஊசியா? கொஞ்சம் பிந்திப் போடச் சொல்லு" என்று அம்மா தொலைபேசியில் பதறினார். ஊரில் என்றால் மருத்துவமாது வாசல் படலையடிக்கே வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடமே கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு புதன்கிழமை காலை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டர் சொன்னது தெளிவாக இருந்தது: எந்த நாட்டில் வளர்க்கிறீர்களோ அந்த நாட்டு அட்டவணைப்படி போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். இடது தொடையில் ஊசி. அன்றிரவு காய்ச்சல் அடித்தது. விடியும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல் கடல் கடந்து வந்த பெண்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளை பிறப்பதற்கு முன்பே இந்த அட்டவணையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மே மாதம் வந்தது. கத்தரி வெயில். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியாது, மூடினால் வேகிறது. "தொண்டை காயுமே, ஒரு சங்கு தண்ணீர் கொடும்மா" என்றார் அத்தை. ஆறு மாதம்வரை தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவரை எதிர்த்து வாதாட எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொன்ன இன்னொன்றைச் செய்து காட்டினேன்: நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஈரத் துணிகளை அலசாமல் ஒரு வாளியில் தனியாகப் போட்டு வந்தேன். மாலையில் அத்தையே ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். ஒன்பது. ஒன்றும் சொல்லாமல் அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து, எல்லாவற்றையும் அவரே அலசிக் காயப்போட்டார். அதற்குப் பிறகு சங்கு பரணிலிருந்து இறங்கவில்லை.

நான் ஏணை என்பதை அவர் தூளி என்பார். நான் நாவூறு என்றால் அவருக்குத் திருஷ்டி. என் பழைய பருத்திச் சேலையில் அவர் கட்டிய தூளியில், இரண்டு பெயருக்கும் சேர்த்து மகள் தூங்கினாள். இங்கே பிறந்ததாலும் அப்பா இந்தியர் என்பதாலும் அவள் இந்தியக் குடிமகள். நான் விசாவில் இருப்பவள். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாதம், நவம்பர் மழையில், கீழ்ப்பல் எட்டிப் பார்த்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பல்லுக்கொழுக்கட்டை அவிக்க வேண்டும் என்றேன். அத்தை கேள்விப்பட்டதே இல்லை. அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அரிசி மாவை வறுத்து, பயறும் வெல்லமும் தேங்காய்ப்பூவும் வைத்து மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசையாகப் பதித்தோம். தெருப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டினோம். முன்னால் பரப்பியிருந்த புத்தகம், பேனா, சங்கிலி எதையும் அவள் தொடவில்லை. மடியில் உருண்டு வந்த கொழுக்கட்டையை எடுத்து நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.

அத்தை எட்டிப் பிடித்து, தேங்காய்ச் சொட்டுகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எடுத்துவிட்டு, மாவில் ஒரு துளி கிள்ளி நசுக்கி அவள் விரலில் வைத்தார்.