பழைய ஸ்மித்ஸ் மீட்டருக்குப் பொருந்தும் சென்சார்

சென்னையில் 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வரிசையைச் சேர்ந்த என் காரின் டேஷ்போர்டில் வேகமானியும் பெட்ரோல் மீட்டரும் மட்டுமே இருந்தன. எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை ரேடியேட்டரிலிருந்து ஆவி எழுந்த பிறகுதான் ஓட்டுபவர் அறிய முடியும். சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நிற்கும் 948 சிசி எஞ்சினுக்கு இது போதாது என்பதால், பிரிட்டிஷ் கருவி நிறுவனமான ஸ்மித்ஸின் அக்காலத்து வெப்பநிலை மீட்டர் ஒன்றை வாங்கினேன். அது சென்சார் இல்லாமல் தனியாகத்தான் கிடைத்தது. புதுப்பேட்டையில் சென்சார் கேட்டபோது, "எல்லாம் பன்னெண்டு வோல்ட்தானே சார், எதைப் போட்டாலும் முள் ஏறும்" என்றார் கடைக்காரர். முள் ஏறும் என்பதில் ஐயமில்லை. எந்தச் சூட்டில் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

இவ்வகை மீட்டருக்குள் இருப்பது ஓர் ஈருலோகப் பட்டையும் அதைச் சுற்றிய மெல்லிய சூடேற்றும் கம்பியும்தான். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது பட்டை சூடாகி வளைந்து முள்ளை நகர்த்துகிறது. அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளாமல் மெதுவாக ஏறுகிறது. எஞ்சினில் பொருத்தும் சென்சார், சூடு ஏற ஏறத் தன் மின்தடை குறையும் தெர்மிஸ்டர். ஆகவே மீட்டர் உண்மையில் காட்டுவது வெப்பநிலையை அல்ல, தன் வழியே செல்லும் மின்னோட்டத்தை. பேட்டரியின் 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டாக உயர்ந்தால், கம்பியில் எழும் வெப்பம் ஏறத்தாழ 36 சதவீதம் கூடிவிடும். இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்கத்தான் அந்நாளைய பிரிட்டிஷ் கார்களில் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி இருந்தது. பழைய ஸ்டெபிலைசரும் ஈருலோகப் பட்டையால் இயங்குவதே. அது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட்டைத் தரும். இன்று மின்னணு வகை கிடைக்கிறது. அதை வாங்குமுன் வண்டியின் எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல, மின்னணு ஸ்டெபிலைசருக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை.

சென்சாரைத் தேடுவதற்கு முன், மீட்டர் என்ன கேட்கிறது என்பதை மேசைமீது வைத்தே அறிந்துவிடலாம். நிலையான 10 வோல்ட் கொடுத்து, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்த மின்தடைகளை ஒவ்வொன்றாக மாற்றி, முள் குளிர், நடு, சூடு ஆகிய குறிகளில் எந்த ஓம் மதிப்புக்கு நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் முள் முழுதாக ஓயும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவரின் குறிப்பேடு இங்கே பயன்படாது. ரேடியோவில் பயன்படும் சிறிய திருகுதடை இந்த மின்னோட்டத்தைத் தாங்காது என்பதால், வாட் கூடிய, கம்பி சுற்றிய (வயர்வுண்ட்) மின்தடைகளே நல்லவை.

அடுத்தது சென்சார்களின் முறை. ஒரு பாத்திரத்து நீரில் சென்சாரை மரைவரை முக்கி, வெப்பமானியையும் மல்டிமீட்டரையும் வைத்து, நீர் கொதித்து ஆறும்போது அளப்பதே நல்லது. அடுப்பு எரியும்போது நீரின் சூடு இடத்துக்கு இடம் மாறுபடும். கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையில் கொதிநீர் 100 டிகிரி என்பதால் வெப்பமானியையும் கூடவே சரிபார்த்துக்கொள்ளலாம். தெர்மிஸ்டரின் மின்தடை நேர்க்கோட்டில் குறைவதில்லை. ஜெர்மனியின் வி.டி.ஓ. தயாரிக்கும் 120 டிகிரி வகைச் சென்சார் 40 டிகிரியில் ஏறத்தாழ 290 ஓமும், 90 டிகிரியில் 50 ஓமும் காட்டும்.

மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மீட்டருடன் இணைந்து வேலை செய்யும்போது பாயும் மின்னோட்டம் தெர்மிஸ்டரையே சற்றுச் சூடாக்குவதால், அப்போதைய மின்தடை நாம் அளந்ததைவிடக் குறைவாக இருக்கும். ஆதலால் பட்டியலில் பொருந்திய சென்சாரையும் மீட்டரோடு இணைத்து, வெந்நீரில் வைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

கிடைத்த சென்சார் பொருந்தவில்லை என்றால், கூடுதலாக ஒரு மின்தடையைச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்பது பரவலான யோசனை. சென்சாரின் மின்தடை குறைவாக இருந்தால் தொடராகவும், கூடுதலாக இருந்தால் பக்க இணைப்பாகவும் ஒன்றைச் சேர்ப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லாததற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு மீட்டரின் முள் நடுவில் நிற்க 60 ஓமும், சூட்டுக் குறியைத் தொட 30 ஓமும் தேவை என்று வைத்துக்கொள்வோம். அவை 85, 110 டிகிரிகளைக் குறிக்கட்டும். நம் சென்சார் 85 டிகிரியில் 48 ஓமும், 110 டிகிரியில் 24 ஓமும் தருகிறது. 12 ஓமைத் தொடராகச் சேர்த்தால் நடுக்குறி அச்சாகப் பொருந்திவிடும். ஆனால் 110 டிகிரியில் மொத்தம் 36 ஓம் என்பதால் முள் சூட்டுக் குறியை எட்டாது. அது அங்கே சேர, சென்சார் 18 ஓமுக்கு இறங்க வேண்டும், அதாவது நீர் ஏறத்தாழ 121 டிகிரியைத் தொட வேண்டும். 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 111 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். நாள்தோறும் சரியாகக் காட்டிவிட்டு ஆபத்து வேளையில் பொய் சொல்லும் மீட்டரைவிட, மீட்டர் இல்லாத வண்டியே மேல். அங்கே ஓட்டுநராவது விழிப்போடு இருப்பார்.

பக்க இணைப்பு இவ்வளவு கேடு செய்வதில்லை. அதே மீட்டருக்கு 85 டிகிரியில் 75 ஓம் தரும் சென்சாரைப் போட்டு, 300 ஓமைப் பக்கத்தில் இணைத்தால், சூட்டுக் குறி 114, 115 டிகிரி வரை தள்ளிப்போகும். சகித்துக்கொள்ளலாம்தான், ஆயினும் சூட்டுக் குறிக்கு அருகே பொருந்தும் சென்சார் கிடைத்து, குளிர் முனையில் முள் சற்றுப் பிசகினால், நான் அதையே தேர்ந்தெடுப்பேன். குளிர்ந்த எஞ்சின் 40 டிகிரியா 50 டிகிரியா என்பதால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை.

மின்தடை பொருந்தினாலும் மரை பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் கார்களின் சென்சார்களில் பல 5/8 அங்குல யூ.என்.எஃப். (அங்குல அளவிலான நுண்மரை) மரை கொண்டவை, இன்று கடைகளில் கிடைப்பவற்றில் மெட்ரிக் மரையும் 1/8 அங்குல பைப் மரையும் மிகுதி. இடையில் அடாப்டர் வைத்தால் சென்சாரின் முனை நீரோட்டத்துக்குள் போதுமான அளவு நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடாப்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் முனை குறைவான சூட்டையே காட்டும். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடலே எர்த் என்பதால், கசிவைத் தடுக்க டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதைவிடச் செப்பு வாஷர் போடுவது நல்லது.

எல்லாம் பொருத்திய பின், எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும் நேரத்தில், தெர்மோஸ்டாட்டின் உறைமீது இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்து, முள் நிற்கும் இடத்தை ஒப்பிட வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அக்கருவி குறைத்துக் காட்டும் என்பதால், அந்த இடத்தில் சிறிது கறுப்பு பெயின்ட் பூசிவிட்டு அளப்பது நல்லது.